உப்புக் காற்றில் ஒரு சிறு விமானம்

மழைக்காலத்தில் உங்கள் வீட்டு உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். நேற்றுப் பொலபொலவென்று இருந்த உப்பு இன்று கசிந்து, ஜாடியின் அடியில் நீர் கட்டியிருக்கும். அதில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றில் இருந்த நீராவியை உப்பே இழுத்துக்கொண்டது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கிவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் சிறிது கலந்திருக்கிறது. அது இன்னும் பேராசைக்கார உப்பு. 33 சதவீத ஈரப்பதமே அதற்குப் போதும். சுத்திகரித்த உப்பைவிட உப்பளத்து உப்பு எளிதில் கசிவது இதனால்தான்.

இந்தச் சமையலறைச் செய்திக்கும் விமானத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு நெருக்கமானது. தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று பார்த்தால் அது புரியும்.

குஜராத்துக்கு அடுத்தபடியாக நம் நாட்டில் மிகுதியாக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தினுடையது. வேப்பலோடை, தருவைகுளம், முள்ளக்காடு, ஆறுமுகனேரி என்று கடலோரம் நெடுக வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள் தெரியும். ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாத உப்பு ஒன்றும் அங்கே இருக்கிறது. அலை உடையும்போது கோடிக்கணக்கான குமிழிகள் உண்டாகி வெடிக்கின்றன. ஒவ்வொரு குமிழியும் வெடிக்கையில் மிக நுண்ணிய உப்புநீர்த் திவலைகளை மேலே எறிகிறது. நீர் ஆவியாகிவிட, உப்புத் துகள் காற்றில் மிதந்து கரைக்கு வருகிறது. கடலை விட்டு விலக விலக இதன் அளவு விரைவாகக் குறையும். முதல் சில கிலோமீட்டர்களில்தான் படிவு மிகுதி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் ஜன்னல் கம்பி, சைக்கிள் கைப்பிடி, தையல் இயந்திரம் என்று எதைத் தொட்டாலும் துருவைத் தொடுவது இதனால்தான்.

தூத்துக்குடிக்கு விமான நிலையம் வாகைக்குளத்தில் 1992-இல் அமைந்தது. முதலில் 1,350 மீட்டர் மட்டுமே இருந்த ஓடுதளம் பின்னர் 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டது. இதே மாவட்டத்தில் கோவில்பட்டிப் பக்கம் உள்ள பழைய ஓடுதளத்தில் பறப்புப் பயிற்சிப் பள்ளி ஒன்றை அமைக்க அரசு நிறுவனமாகிய டிட்கோ முயற்சி மேற்கொண்டது. பயிற்சிப் பள்ளி என்றால் சிறு விமானங்கள் என்று பொருள். நம் மாணவர்கள் சிலர் அவற்றை ஓட்டலாம். அதைவிடக் கூடுதலான பேர் அவற்றைப் பழுதுபார்க்கும் வேலைக்குப் போகலாம். ஆகையால் இந்தக் காற்றில் ஒரு சிறு விமானத்தை எப்படிப் பேணுவது, அதற்கு ஏன் அத்தனை புத்தகங்களில் அத்தனை எழுத்து வேலை என்று பார்ப்போம்.

உங்களிடம் ஒரு செஸ்னா 172 இருப்பதாக வைத்துக்கொள்வோம். கற்பனைக்குக் காசா பணமா? நான்கு பேர் உட்காரக்கூடிய, ஒற்றை எஞ்சின் விமானம் அது. 1955-இல் முதலில் பறந்த இந்த வகையில் இதுவரை 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். உலகில் வேறு எந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் செய்யப்பட்டதில்லை. அதை ஒரு கொட்டகையில் நிறுத்திப் பூட்டிவிட்டீர்கள். ஓர் ஆண்டு பறக்கவில்லை. ஓடாத வண்டி தேயாது என்று நினைப்போம். விமானத்தைப் பொறுத்தவரை, அதிலும் கடலோரத்தில், இது பெரும் தவறு.

முதலில் உடம்பைப் பார்ப்போம். விமானத்தின் தோல் அலுமினியத் தகடு. அலுமினியம் துருப்பிடிக்காது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். காற்றுப் பட்டவுடனே அதன் மேல் மிக மெல்லிய ஆக்ஸைடுப் படலம் உண்டாகி, உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது என்பது உண்மைதான். ஆனால் நம் பாட்டிமார் ஊறுகாயை அலுமினியப் பாத்திரத்தில் வைக்க விடமாட்டார்கள். பீங்கான் ஜாடியில்தான் வைப்பார்கள். காரணம் கேட்டால் 'பாத்திரம் பொத்துப் போகும்' என்பார்கள். அவர்கள் சொன்னது வேதியியல். உப்பில் உள்ள குளோரைடு அயனி அந்த ஆக்ஸைடுப் படலத்தை ஏதாவது ஒரு நலிந்த இடத்தில் துளைக்கிறது. துளைக்குள் அமிலம் உண்டாகிறது. அமிலம் மேலும் உலோகத்தைத் தின்கிறது. அது மேலும் குளோரைடை உள்ளே இழுக்கிறது. ஆக, ஒரு முறை தொடங்கிய குழி தன்னைத் தானே ஆழப்படுத்திக்கொள்ளும். மேலே பார்த்தால் ஊசி முனை அளவு வெள்ளைப் பொடி. உள்ளே பெரிய பொந்து. இதற்கு அரிமானம் என்று பெயர்.

விமானத் தகட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. தூய அலுமினியம் மெத்தென்று இருக்கும், பறக்க உதவாது. எனவே வலிமைக்காக நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்று மேல் செம்பு கலக்கிறார்கள். வலிமை வந்தது, கூடவே வினையும் வந்தது. செம்பும் அலுமினியமும் அருகருகே இருந்து நடுவில் உப்புநீர் படிந்தால் அது ஒரு சிறு மின்கலம். அந்த மின்கலத்தில் அலுமினியம்தான் கரையும். இதைத் தடுக்கத் தகட்டின் இரு பக்கமும் தூய அலுமினியத்தை மெல்லிய போர்வையாக ஒட்டி உருட்டுகிறார்கள். அதற்கு மேல் வண்ணப் பூச்சு. ஆனால் தறையாணி அடித்த துளையிலும், இரண்டு தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்த இடுக்கிலும், எஃகுத் திருகாணி அலுமினியத்தைத் தொடும் இடத்திலும் போர்வை கிழிந்துதானே இருக்கும்? உப்பு அங்கேதான் குடியேறுகிறது. அரிமானத்தால் உண்டாகும் வெள்ளைப் பொருள், தான் தின்ற உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். அதனால் இடுக்கில் தகடு மெல்லப் புடைத்து, தறையாணித் தலைகளுக்கு நடுவே தலையணை போல் உப்பும். அனுபவசாலி ஒருவர் விமானத்தின் பக்கவாட்டில் சாய்வாக நின்று, வெளிச்சம் தகட்டின் மேல் வழுகிச் செல்வதைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடுவார்.

செய்ய வேண்டிய வேலை ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. கடல் மேல் பறந்து வந்தால் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பீய்ச்சி அடித்தால் உப்பு இடுக்குக்குள் போய்விடும் என்பதால் மெல்லிய தாரையே நல்லது. கழுவிய பின் கீல்களுக்கும் கம்பிக் கயிறுகளுக்கும் மறுபடி எண்ணெயோ கிரீசோ இட வேண்டும். விமானத்தின் அடிவயிற்றில் நீர் வடிவதற்குச் சிறு சிறு துளைகள் இருக்கும். குளவி மண் வைத்து அவற்றை அடைத்துவிடும். ஒரு குளவிக்கூடு போதும், ஒரு மழைக்காலம் முழுவதும் உப்புநீர் உள்ளேயே தேங்கி நிற்க.

இனி எஞ்சின். இங்கேதான் 'ஓடாதது தேயாது' என்ற நம்பிக்கை முற்றாக உடைகிறது. சிறு விமானங்களில் பரவலாக உள்ள லைகோமிங் எஞ்சின்களில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு எஞ்சினின் மேற்பாகத்தில் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது அதன் மேல் எண்ணெய் தெறித்துக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் எண்ணெய் வழிந்து கீழே போய்விடும். சில வாரங்களில் தண்டு உலர்ந்து நிற்கும். இரவின் ஈரக் காற்று உள்ளே புகுந்து நீர்த்துளியாகப் படியும். எஃகில் துரு பூக்கும். பிறகு ஒருநாள் எஞ்சினை ஓட்டும்போது அந்தத் துரு உப்புத்தாள் போலத் தேய்த்துத் தண்டின் முகட்டை மழுக்கிவிடும்.

'அப்படியானால் வாரம் ஒருமுறை தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டிவிட்டால் போகிறது' என்று தோன்றும். இதுவும் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்ரோலை ஆக்டேன் என்று கொண்டால், அதன் ஒரு மூலக்கூறு எரிந்து ஒன்பது நீர் மூலக்கூறுகளைத் தருகிறது. 114 கிராம் ஆக்டேனுக்கு 162 கிராம் நீர். அதாவது ஒரு கிலோ பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1.4 கிலோ நீர்! அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே ஆவியாகப் போய்விடும் என்றாலும், சிறிதளவு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கும். எண்ணெய் நன்றாகச் சூடேறினால்தான் அது மறுபடி ஆவியாகி வெளியேறும். பத்து நிமிட ஓட்டத்தில் எண்ணெய் அந்தச் சூட்டை எட்டாது. ஆக, தரையில் ஓட்டுவது துருவைத் தடுக்கும் வேலையல்ல. துருவுக்குத் தண்ணீர் இறைக்கும் வேலை. முப்பது நாளுக்குள் ஒரு முறையாவது, எண்ணெய் முழுச் சூட்டை எட்டும்படி ஒரு மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும் என்பது லைகோமிங் நிறுவனத்தின் அறிவுரை. கடலோரத்தில் அந்த முப்பது நாளும் அதிகம். பறக்க முடியாவிட்டால் துருத்தடுப்பு எண்ணெய் ஊற்றி, ஈரம் உறிஞ்சும் மணிகள் அடைத்த மூடிகளைப் போட்டு, எஞ்சினை முறைப்படி உறங்க வைக்க வேண்டும்.

துணி போர்த்திய பழைய விமானங்களின் கதை வேறு. 1958-இல் பெங்களூரில் முதலில் பறந்த நம் 'புஷ்பக்' அந்த வகை. பல பறப்புக் கழகங்களில் மாணவர்களைச் சுமந்த விமானம் அது. அந்த வகை விமானங்களில் துணிக்கு எதிரி வெயில். உள்ளே இருக்கும் எஃகுக் குழாய்களுக்கு எதிரி துரு. குழாய் உள்பக்கத்திலிருந்து துருப்பிடிக்காமல் இருக்கச் சூடான ஆளிவிதை எண்ணெயைக் குழாய்க்குள் சுற்றவிட்டு வடித்துவிடுவார்கள். தோணி கட்டும் தச்சர்கள் பலகைக்கு எண்ணெய் ஊட்டுவதற்கு இது தூரத்து உறவு.

மூன்று கடிகாரங்கள்

இதுவரை சொன்னதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஒரு விமானத்தின் வயதை அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. புதிதாக வண்ணம் அடித்த விமானம் உள்ளே கிழமாக இருக்கலாம். அதனால் அதற்கு மூன்று கடிகாரங்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, பறந்த மணி. எஞ்சின் போன்ற சுழலும் உறுப்புகளின் தேய்மானத்தை இது காட்டும். இரண்டாவது, ஏறி இறங்கிய தடவை. தலைப்பின்னை முன்னும் பின்னும் வளைத்தால் சில தடவைக்குப் பிறகு ஒடிந்துவிடும் அல்லவா? அதுபோல ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் உலோகத்தை வளைத்து நிமிர்த்துகின்றன. இதை உலோக அயர்வு என்கிறார்கள். மூன்றாவது, சுவரில் தொங்கும் சாதாரண நாட்காட்டி. அரிமானத்துக்குத் தெரிந்தது இந்த நாட்காட்டி ஒன்றுதான். ஆகவேதான் லைகோமிங்கின் பல எஞ்சின்களுக்கு 2,000 மணி அல்லது 12 ஆண்டு, இரண்டில் எது முந்துகிறதோ அதற்குள் முழு ஓவர்ஹால் என்று விதித்திருக்கிறார்கள். வடிகட்டி உள்ள எஞ்சினில் எண்ணெய் மாற்றுவதும் 50 மணி அல்லது நான்கு மாதம். தூத்துக்குடியில் மாதம் இரண்டு மணி நேரம் மட்டும் பறக்கும் செஸ்னாவுக்கு, முந்திக்கொள்வது எப்போதும் நாட்காட்டியாகத்தான் இருக்கும்.

ஒரு கடிகாரத்தை மட்டும் பார்த்தால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு ஒரு கணக்கு. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று பறந்துகொண்டிருக்கையில் அதன் முன்பகுதிக் கூரை பிய்ந்து போயிற்று. ஒரு பணிப்பெண் காற்றில் வீசப்பட்டு இறந்தார். கூரையில்லாத விமானத்தை விமானிகள் இறக்கிவிட்டதால் மற்ற 94 பேரும் உயிர் பிழைத்தனர். அந்த விமானம் பறந்திருந்தது 35,496 மணி. ஏறி இறங்கியதோ 89,680 தடவை. வகுத்துப் பாருங்கள்: ஒரு பயணத்துக்கு 24 நிமிடம்கூட இல்லை. தீவுக்குத் தீவு தாவும் குறும்பயணங்கள், பத்தொன்பது ஆண்டும் கடற்காற்றிலே. ஏறும்போதே தகட்டில் ஒரு விரிசலைப் பார்த்ததாகப் பயணி ஒருவர் பின்னர் கூறினார். அப்போது அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பதிவேடு

இந்த மூன்று கடிகாரங்களும் ஓடுவது புத்தகத்தில்தான். விமானத்தின் உடலுக்கு ஒரு லாக் புத்தகம், எஞ்சினுக்கு ஒன்று, புரொப்பெல்லருக்கு ஒன்று, பயணங்களை எழுத ஒன்று. எஞ்சினைக் கழற்றி வேறு விமானத்தில் மாட்டினால் அதன் புத்தகமும் கூடவே போகும். விமானத்தின் ஜாதகம் என்று இதை வேடிக்கையாகச் சொல்லலாம். ஜாதகம் வரப்போவதைச் சொல்வதாகச் சொல்கிறார்கள். இது வந்து போனதை மட்டும் சொல்கிறது. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.

நம் நாட்டில் சிவில் விமானங்கள் 'வி.டி.' என்று தொடங்கும் பதிவு எழுத்துகளைத் தாங்கியிருக்கும். அவை பறக்கத் தகுதியுடன் இருக்கின்றனவா என்று கண்காணிப்பது டி.ஜி.சி.ஏ. என்னும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். ஒரு வேலை முடிந்ததும், உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் கையெழுத்திட்டால்தான் விமானம் மீண்டும் பறக்கலாம். கையெழுத்து இல்லையேல் அந்த வேலை நடக்கவில்லை என்றே கொள்ளப்படும். மாற்றிய உறுப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கும் சான்றுத்தாள் வேண்டும். மார்க்கெட்டில் மலிவாகக் கிடைத்தது என்று ஒரு போல்ட்டைக்கூட மாட்ட முடியாது.

எழுதுவதில் ஒரு முறை உண்டு. 'இடது சக்கரம் சரிசெய்யப்பட்டது' என்று ஒருவர் எழுதுகிறார். இன்னொருவர், தேதி, மொத்தப் பறந்த மணி, 'இடது சக்கரத்தின் வெளிப்பக்கத் தாங்கு உருளையில் துருக்குழிகள் இருந்ததால் கழற்றப்பட்டது. இன்ன எண்ணுள்ள புதிய உருளை பொருத்தப்பட்டது. பராமரிப்பு நூலின் இன்ன பகுதிப்படி கிரீஸ் இடப்பட்டது. வலது சக்கரமும் பார்க்கப்பட்டது, குறை இல்லை' என்று எழுதி, பெயரும் உரிம எண்ணும் இடுகிறார். முதல் குறிப்பு ஒரு செய்தி. இரண்டாவது ஒரு சாட்சி. ஐந்து ஆண்டு கழித்து வேறோர் ஊரில், வேறொருவர் கையில் அது பேச வேண்டும். தவறாக எழுதிவிட்டால் ரப்பர் போட்டு அழிக்கக் கூடாது. எழுதியது படிக்கும்படி ஒரே கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? 1991 செப்டம்பர் 10 இரவு, அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரப் பணிமனையில் கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் எம்ப்ரேயர் 120 விமானம் ஒன்றில் வேலை நடந்தது. வாலின் கிடைச் சிறகின் முன்விளிம்பிலுள்ள பனிநீக்கி ரப்பரை மாற்ற வேண்டும். இடப்பக்க மேல்புறத்திலிருந்த 47 திருகாணிகளைக் கழற்றிவிட்டார்கள். அதற்குள் ஷிப்டு மாறியது. கழற்றிய செய்தி அடுத்து வந்தவர்களுக்கு எழுத்தில் போய்ச் சேரவில்லை. அந்த விமானத்தின் வால் உயரமானது. மேல்புறத்தைத் தரையிலிருந்து பார்க்க முடியாது. காலையில் விமானம் பறக்கப் போய்விட்டது. செப்டம்பர் 11 அன்று, ஹூஸ்டனை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கையில் முன்விளிம்பு பிய்ந்தது. விமானத்தில் இருந்த 14 பேரும் இறந்தனர். அன்று எந்த எஞ்சினும் பழுதாகவில்லை. யாருக்கும் திறமைக் குறைவும் இல்லை. எழுதப்படாமல் போனது ஒரு வரி.

அது எழுதாததால் வந்த கேடு. எழுதியிருந்தும் வருகிற கேடு ஒன்று உண்டு. அதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது.

சாக்ஸ் ஓஷன் ஏர்வேஸ் என்ற நிறுவனம் அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து பஹாமாத் தீவுகளுக்குக் கடல் விமானங்களை ஓட்டி வந்தது. கடலிலேயே இறங்கி, கடலிலேயே ஏறும் விமானங்கள் அவை. உப்புக் காற்று என்ன, உப்புத் தண்ணீரிலேயே வாழ்க்கை. 2005 டிசம்பர் 19 அன்று அதன் 'மல்லார்டு' விமானம் ஒன்று மயாமியிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் வலது இறக்கை கழன்று விழுந்தது. இருபது பேர் இருந்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. விமானம் 1947-இல் செய்தது, ஐம்பத்தெட்டு வயது.

விசாரணையில் தெரிந்தது இது. இறக்கையின் அடித்தகட்டிலும், உள்ளே அதைத் தாங்கும் நீட்டுச் சட்டத்திலும் அயர்வு விரிசல்கள் நெடுநாளாக வளர்ந்து வந்திருக்கின்றன. தகட்டு விரிசலுக்கு மேலே ஒட்டுத்தகடு வைத்துப் பழுதும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் உள்ளே சட்டம் முறிவதை அந்த ஒட்டுத்தகடு தடுக்கவில்லை. அந்த விமானத்தின் இறக்கையே எரிபொருள் தொட்டியாகவும் இருந்தது. ஆகவே விரிசல் வளர வளர எரிபொருள் கசிந்தது. கசிவு பதிவேட்டில் எழுதப்பட்டது. அடைப்புப் பசை பூசப்பட்டது. மறுபடி கசிந்தது, மறுபடி எழுதப்பட்டது, மறுபடி பசை. ஒவ்வொரு முறையும் அது ஒரு சிறு கசிவு, ஒரு சிறு வேலை. எல்லாக் குறிப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, 'ஒரே இடம் ஏன் திரும்பத் திரும்பக் கசிகிறது?' என்ற கேள்வியை யாரும் உரிய முறையில் கேட்டு விடை காணவில்லை. இறக்கை தன் முறிவைத் தானே எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது. எழுத்து இருந்தது, வாசகர் இல்லை.

தொடர்ந்து படிக்கும்போதுதான் எண்களுக்கு அர்த்தம் வருகிறது. எஞ்சின் உருளையின் அமுக்கச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, உருளைக்குள் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார்கள். மூன்றாம் உருளையில் 70 வந்தது என்று வைத்துக்கொள்வோம். அது நல்ல எண்ணா, கெட்ட எண்ணா? தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் முந்தைய மூன்று சோதனைகளில் 78, 76, 73 என்று இருந்திருந்தால், எண் இறங்குமுகமாக இருக்கிறது என்று பொருள். இன்னொன்றில் 70, 71, 70 என்றே இருந்து வந்தால் கவலை இல்லை. பழைய எண்ணெயில் எவ்வளவு இரும்பு கலந்திருக்கிறது என்று சோதனைச்சாலைக்கு அனுப்பிப் பார்ப்பதும் இப்படித்தான். ஓர் அறிக்கை ஒன்றும் சொல்லாது. ஐந்து அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், உறங்கிக் கிடந்த எஞ்சினுக்குள் கேம் தண்டு துருப்பிடித்துத் தேய்கிறதா என்பது எஞ்சினைத் திறக்காமலே தெரிந்துவிடும்.

தூத்துக்குடிக் கடற்கரைக்கு இந்த முறை புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தல் நடந்த காலத்தில், முத்துச்சிப்பி வாழும் கடலடிப் பார்களை அரசு அதிகாரிகள் குளியாளிகளைக் கொண்டு ஆய்வு செய்து வந்தார்கள். எந்தப் பாரில் சிப்பி எவ்வளவு அடர்த்தி, அதன் வயது என்ன, மாதிரிச் சிப்பிகளில் கிடைத்த முத்துகளின் மதிப்பு என்ன என்றெல்லாம் குறித்து வைத்தார்கள். ஒரு முழுக்கில் அள்ளிய சிப்பியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பல ஆண்டுக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தபோதுதான் எந்தப் பாரைத் திறக்கலாம், எதை இன்னும் சில காலம் விட்டுவைக்கலாம் என்பது புலப்பட்டது. 1905-இல் ஜேம்ஸ் ஹார்னெல் சென்னை அரசுக்கு அளித்த முத்துக்குளிப்பு அறிக்கை அத்தகைய குறிப்புகளின் மேல் எழுந்ததே. 1961-க்குப் பிறகு அங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

சரி, உங்கள் செஸ்னாவுக்கு வருவோம். செஸ்னா நிறுவனம் தன் பழைய விமானங்களுக்கென்று கூடுதல் சோதனைப் பட்டியல்களை வெளியிட்டிருக்கிறது. அவற்றில் உலகப் படத்தை அரிமானத்தின் கடுமைக்கு ஏற்பப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். உலர்ந்த நாட்டில் இருக்கும் விமானத்துக்கு ஒரு கெடு. கடலோரத்தில் இருப்பதற்கு அதைவிடக் குறுகிய கெடு. விமானம் எந்த ஊரில், எத்தனை ஆண்டு நின்றது என்பதும் ஆகவே பதிவேட்டில் தெரிய வேண்டும். கோயம்புத்தூரில் பத்து ஆண்டு நின்ற விமானமும் தூத்துக்குடியில் பத்து ஆண்டு நின்ற விமானமும் ஒன்றல்ல. விற்பவர் இதைச் சொல்ல மறந்தாலும் புத்தகம் மறக்காது.

புத்தகமே தொலைந்துபோனால்? எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அது எத்தனை மணி ஓடியது என்பதற்குச் சான்றில்லை. ஆயுள் வரம்புள்ள உறுப்புகள் எத்தனை மீதம் வைத்திருக்கின்றன என்பதற்கும் சான்றில்லை. சான்றில்லாத உறுப்பு ஆயுள் முடிந்த உறுப்பாகவே நடத்தப்படும். பிரித்து, சோதித்து, தேவையானதை மாற்றி, மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்தச் செலவில் இன்னொரு பழைய விமானமே வாங்கிவிடலாம் என்ற நிலைகூட வரும்.

இந்தக் காலத்தில் பல இடங்களில் பதிவேடுகள் கணினிக்குப் போய்விட்டன. எண்களை அடுக்கி இறங்குமுகத்தைக் கண்டுபிடிப்பதில் கணினி நம்மைவிடக் கெட்டி. ஆனால் குளவிக்கூட்டைக் குனிந்து பார்ப்பதும், பார்த்ததை அப்படியே எழுதுவதும் இன்னும் ஆள் செய்யும் வேலை. கடைசியாக ஒரு சிறு செய்தி. பயணக் குறிப்பேடு மட்டும் விமானத்துடன் பறக்கும். உடல், எஞ்சின், புரொப்பெல்லர் ஆகியவற்றின் புத்தகங்களை விமானத்துக்குள் வைக்க மாட்டார்கள். தரையில், பீரோவில் பூட்டி வைப்பார்கள். விமானம் திரும்பி வராத நாளில் முதலில் தேவைப்படுவது அவைதான்.